கயிறு கட்டிய கைகள்

புளியங்குடி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. டீச்சராகச் சேர்ந்த முதல் மாதமே, பையன்கள் கையில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்துப் பயந்து போன் பண்ணினாய். "பெருசா ஏதும் வந்துருமா மாமா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

1995 ஜூலையில் வீரசிகாமணியில் நடந்தது பள்ளிக்கூடப் பையன்களுக்கும் பஸ் டிரைவருக்கும் ஒரு தகராறு. அது சாதிச் சண்டையாகி ஊர் ஊராகப் பரவியது. ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸே வீடு புகுந்து அடித்து நொறுக்கியது. அந்த நாட்களில் நான் எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதினேன். கேரளத்துக்குப் போகவேண்டிய காய் லாரி ஏறாமல் கிடந்தது. சாக்கின் அடியில் கைவைத்தால் கொழகொழவென்று ஒட்டும். அந்தப் புளித்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் காய் பறித்து, ஒரே மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்த பெண்கள், அதன்பிறகு தனித்தனியாக உட்கார்ந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

பஸ் தகராறு காரணமில்லையம்மா. டீக்கடையில் தனி டம்ளர், படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற இளவட்டங்கள், வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழுந்த வீட்டைப் பொறுக்காத வயிற்றெரிச்சல் எல்லாம் முன்பே இருந்தன. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதி வீரர் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்ததற்கே மறுபடி கலவரம். கடைசியில் மாவட்டங்கள், கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தார்கள். டம்ளர் அதே இடத்தில்தான் இருந்தது. 2023-ல் நாங்குநேரியில் கூடப்படித்தவர்களே சாதி வெறியில் ஒரு பையனை வீடு புகுந்து வெட்டவில்லையா?

கயிறு கூடாது என்று அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு சொன்னது சரிதான். ஆனாலும் எல்லார் முன்னாலும் அறுத்துவிடாதே. மாலையில் தனியாகக் கூப்பிட்டு, யார் கட்டிவிட்டது என்று கேள். பெரும்பாலும் வெளியே ஒரு அண்ணன் இருப்பான். பெஞ்சில் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவை. இரண்டு சாதித் தெருவிலும் நான்கு பெரியவர்களின் நம்பரை இப்போதே வாங்கி வை. ஏதாவது ஆடியோ சுற்றினால், நீ அனுப்பாமல், அவர்களைக் கூப்பிட்டு விசாரி. கடை அடைத்தாலும் சமாளிக்க, வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசியும் உன் அம்மாவுக்குச் சுகர் மாத்திரையும் இருக்கட்டும்.

இந்தச் சனிக்கிழமையே கயிறு கட்டிய ஒரு பையன் வீட்டுக்குப் போ. அவன் அம்மா தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி.

உன் மாமா