ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து

பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளிலும் நற்சான்றுப் பட்டயங்களின் தலைப்பிலும் அடர்ந்து, கோணல் கோணலாக நிற்கும் ஆங்கில எழுத்தைத் தோழியர் பலரும் கண்டிருப்பீர்கள். பட்டையான பேனாவால் அழுத்தி எழுதியது போல் இருக்கும். இதனைக் கறுப்பெழுத்து என்பர். 1455ஆம் ஆண்டையொட்டி மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்டது இவ்வகை எழுத்தில்தான். ஏனைய நாடுகள் ரோமன் எழுத்துக்கு மாறிய பின்னரும், ஜெர்மானியர் இதன் ஒரு வகையான பிராக்டூர் எழுத்தை 20ஆம் நூற்றாண்டு வரை விடாமல் வைத்திருந்தனர்.

ஜெர்மனியின் எழுத்தைப் பற்றித் தாம்பரத்து மாணவியர்க்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலைப்பட நியாயம் உண்டு. பிராக்டூர் எழுத்தைக் கோத்த அதே ஜெர்மானிய ஊரில்தான் ஒரு காலத்தில் தமிழ் எழுத்தும் வார்க்கப்பட்டது.

தமிழ் அச்சு அதற்கும் முந்தியது. இயேசு சபைக் குருவான அன்றிக் அடிகளார் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே வெளியிட்டார். மறு ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. அந்த முயற்சி நாளடைவில் ஓய்ந்துவிட்டது.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் குருவான சீகன்பால்கு தமிழைக் கற்றார். நூல்களை அச்சிட விரும்பினார். 1712இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது, ஆனால் அதனுடன் தமிழ் எழுத்து இல்லை. எனவே தமிழ் எழுத்துகளின் வரிவடிவம் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டது. தமிழ் ஒரு சொல்லும் அறியாத தொழிலாளர் அவற்றைப் பார்த்து உளியால் செதுக்கினர். எங்களுக்கு இதுவே இக்கதையில் மிகப் பெரிய வியப்பு. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்க வேண்டும். அப்பள்ளத்தில் ஈயக் கலவையை உருக்கி ஊற்ற வேண்டும். ணகரத்துக்கு எத்தனை சுழி என்று கேட்டறிய ஹாலேயில் யார் இருந்தார்கள்?

அவ்வெழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை, காகிதமோ கிடைத்தற்கரியது. நற்செய்திகளும் திருத்தூதர் பணியும் 1714இல் அப்பெரிய எழுத்திலேயே அச்சாயின. மீதிப் பகுதிக்காகப் பக்கத்திலுள்ள பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தனர். புதிய ஏற்பாடு 1715இல் முற்றுப்பெற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டின்களின் ஈயத்தைக்கூட உருக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். ஈயத்தின் அருமையை அறிய அக்கதை உதவும்.

1716இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளிவந்தது. விளக்கம் இலத்தீன், எடுத்துக்காட்டுகள் தமிழ். ஜெர்மன் மொழியில் வெளியான மிஷன் அறிக்கைகளை அதே நகரில் பிராக்டூரில் அச்சிட்டனர். மொழிக்கு ஓர் எழுத்து என்று பிரித்து வைப்பது அக்கால வழக்கம்.

எழுத்தின் வடிவம் மாறினால் பொருள் மாறுமா? சில இடங்களில் மாறாது. நம் பாட்டிமாரின் ஜெபப்புத்தகங்களில் லை, ணை, னை, ளை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருக்கும். 1978ஆம் ஆண்டு தமிழக அரசாணையின்படி இவற்றோடு ணா, றா, னா முதலியவையும் சேர்ந்து 13 எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் இதைத் தொடங்கியிருந்தார். மலை என்பதை எந்த லையால் எழுதினாலும் மலைதான்.

வேறு சில இடங்களில் வடிவமே பொருள். அன்றிக் அடிகளார் நூலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. கொடு என்பதா, கோடு என்பதா என்று இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க நெடில் கொம்பைச் சுழித்துக் காட்டியவர் வீரமாமுனிவர். (கத்தோலிக்கக் குருவான அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் அச்சுக்கூடம்! இரு சாராரும் அக்காலத்தில் நூல் எழுதிச் சண்டையிட்டவர்கள்.)

பிராக்டூரிலும் இப்படி ஒன்று உண்டு. அதில் 'எஸ்' இரண்டு. அசையின் முதலிலும் நடுவிலும் நீண்ட எஸ், அசையின் இறுதியில் உருண்ட எஸ். 'வாக்-ஷ்டூபெ' என்றால் காவலர் அறை. 'வாக்ஸ்-டூபெ' என்றால் மெழுகுக் குழாய். ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படும். பிராக்டூரிலோ எஸ்ஸைப் பார்த்ததும் தெரிந்துவிடும். நீண்ட எஸ்ஸுக்கும் 'எஃப்' எழுத்துக்கும் வேறுபாடு குறுக்குக் கோட்டில் மட்டுமே இருப்பதால், கணிப்பொறி பழைய ஜெர்மன் நூலைப் படிக்கும்போது ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

இன்று ஈயமும் மரப்பெட்டியும் போய்விட்டன. ஆனாலும் கணிப்பொறியில் எழுத்துருவை அமைப்பவர் பழைய அச்சுக்கோப்பவரின் வேலையையே செய்கின்றார். டொனால்டு குனூத் 1978இல் உருவாக்கிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு முறை எழுத்தின் அழகைப் பார்ப்பதே இல்லை. அதன் அகலம், உயரம், ஆழம் ஆகிய அளவுகளை மட்டும் பார்த்து வரியைக் கோக்கும். வடிவம் வேறொரு கோப்பில் இருக்கும். அம்முறைக்குள் யானிஸ் ஹரலம்பூஸ் 1991இல் பிராக்டூர் முதலிய பழைய ஜெர்மன் எழுத்துருக்களைச் சேர்த்தார். 'சிஎச்', 'சிகே' போன்ற இரட்டைகள் அவற்றில் ஒட்டியே வரவேண்டும்.

தமிழுக்கு வேறொரு தேவை. 'கெ' என்று தட்டும்போது ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் பதிவாகும். தாளிலோ கொம்பு முன்னே நிற்க வேண்டும். எழுத்துருவை அழைக்கும்போதே இது தமிழ் எழுத்து என்று குறிப்பிடாவிட்டால் கொம்பு இடம் மாறிக் கோணலாகிவிடக்கூடும். 'டெக்' முறையின் புதிய வகைகளில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கின்றது.

பழைய ஜெபப்புத்தகத்தை மறுபடியும் அச்சேற்ற விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடு முறையில் பழைய லைக்கும் புதிய லைக்கும் எண் ஒன்றே. துதிக்கை வேண்டுமானால் அவ்வடிவம் உள்ள எழுத்துருவைத் தேட வேண்டும். ஜெர்மனியின் நீண்ட எஸ்ஸுக்கோ தனி எண் உண்டு. அதைத் தட்டும்போதே பிரித்துத் தட்டிவிட வேண்டும், பிறகு எழுத்துருவை மாற்றினால் வராது. புள்ளியில்லாத 1578ஆம் ஆண்டுப் பக்கத்தை எந்த எழுத்துருவும் தீர்த்துவைக்காது. அதைப் பெயர்த்தெழுதுவோர் கொடுவா கோடுவா என்று தாமே முடிவு செய்து, மூலப் பக்கத்தின் படத்தையும் அருகில் அச்சிட்டுவிடுவதே நேர்மை என்று நாங்கள் எண்ணுகின்றோம்.