வீட்டில் வேதாகமம் வாசிக்கச் சில பயனுள்ள குறிப்புகள்

1. புத்தாண்டன்று ஆதியாகமத்தில் தொடங்கி, லேவியராகமத்தின் பலிமுறைகளோடு நின்றுபோகும் வாசிப்பு எத்தனையோ வீடுகளில் உண்டு. முதல்முறை வாசிப்பவர் மாற்குவில் தொடங்கட்டும். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள்தான். அடுத்து லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் ஒன்றாகச் சேர்த்து வாசியுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதிய ஒரே வரலாற்றின் இரு பாகங்கள். நடுவில் யோவான் சுவிசேஷம் இருப்பதால் அந்தத் தொடர்ச்சி பலருக்குத் தெரிவதே இல்லை.

2. வேதாகமத்தின் தாள் மெல்லியது. ஜெல் பேனாவோ ஹைலைட்டரோ பட்டால் மை மறுபக்கம் ஊறிவிடும். கலர் பென்சில் போதும். சந்தேகங்களைப் பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதாமல், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதிவையுங்கள். போதகர் வீட்டுக்கு வரும்போது கேட்க வசதி.

3. அதிகார எண்ணும் வசன எண்ணும் மூலநூலில் இருந்தவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவர் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. இடம் தேட அவை உதவும். ஆனால் அதிகாரம் முடிந்த இடத்தில் பேச்சும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஏசாயா 53ஐ வாசிக்கிறவர்கள் 52:13இலிருந்து தொடங்க வேண்டும். பாடுபடும் தாசனைப் பற்றிய பாடல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

4. ஒரு வசனத்தை எடுத்தால், அதைச் சொன்னது யார் என்று முதலில் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

யோபு 8:7 நம் வீடுகளில் மிகவும் பழகிய வசனம். தொடக்கம் சிறியதாக இருந்தாலும் முடிவு பெரிதாகும் என்ற பொருளில், கடைத் திறப்பு அழைப்பிதழிலும் வாக்குத்தத்த அட்டையிலும் வருவது. அதைச் சொன்னவன் பில்தாத், யோபுவின் மூன்று நண்பர்களில் ஒருவன். பிள்ளைகள் பத்துப் பேரையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் பேசுகிறான். மூன்று வசனம் முன்னால் போங்கள்: உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்ற தொனியில் பேசியிருக்கிறான். நீ சுத்தமானவனாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அவன் வாதம். புத்தகத்தின் கடைசியில், 42:7இல், இந்த நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கடவுளே கோபப்படுகிறார்.

அட்டையைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டதாக 42:12 சொல்கிறது. அந்த நம்பிக்கை வேண்டுமென்றால் அங்கே போய் எடுங்கள். அதற்குச் சற்று முன்புதான், தன்னைக் காயப்படுத்திய அதே நண்பர்களுக்காக யோபு ஜெபம் செய்திருக்கிறான். துக்க வீட்டுக்குப் போகும்போது மட்டும் பில்தாத்தின் பேச்சை எடுத்துப்போக வேண்டாம்.

5. யார் சொன்னது என்பதுபோல, யாருக்குச் சொன்னது என்பதும் முக்கியம். எரேமியா 29:11, தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே கடவுளிடம் உண்டு என்று உறுதி கூறும் இன்னொரு பிரபலமான வசனம். இது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன் எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்து, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஜனங்கள் முன்னால் அறிவிக்கிறான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதனால் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது.

அந்தக் கூட்டத்தில் நாற்பது வயதில் இருந்தவர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை, பேரப்பிள்ளைகள்தான் திரும்பியிருப்பார்கள். இந்த வருடமே வேலை கிடைக்கும், விசா வரும் என்பதற்கான உத்தரவாதமாக 11ஆம் வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால், நாம் கேட்பது அனனியாவின் குரலாகிவிடும். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போய் நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் எவ்வளவோ இருக்கிறது.

6. கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய பதிலாக எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன இரண்டும் அதற்குப் போதுமான காரணம்.

7. நீதிமொழிகள் சட்டப் புத்தகம் அல்ல. 26:4 மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது. அடுத்த வசனமே பதில் சொல் என்கிறது. தொகுத்தவர்கள் தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஆளிடம் எந்த நேரத்தில் எது பொருந்தும் என்று யோசிக்க வைப்பது ஞான இலக்கியத்தின் வழி. நம் பழமொழிகளும் அப்படித்தானே!

8. உவமையை வாசிக்கும்போது, எந்தக் கேள்விக்குப் பதிலாக அது சொல்லப்பட்டது என்று தேடுங்கள். நல்ல சமாரியன் கதையில் சத்திரம் என்பது சபை, சத்திரக்காரன் பவுல் என்று அகஸ்டின் ஒவ்வொன்றுக்கும் உட்பொருள் கண்டார். பக்தியோடு செய்ததுதான். ஆனால் லூக்கா 10இல் நியாயசாஸ்திரி கேட்டது, எனக்குப் பிறன் யார் என்று. இயேசு அதைத் திருப்பி, அடிபட்டவனுக்குப் பிறனாக நடந்துகொண்டவன் யார் என்று கேட்கிறார். கதையின் பாரம் முழுவதும் அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் யூதர்கள். சமாரியரோடு அவர்களுக்கு நெடுங்காலப் பகை.

9. கடைசிப் பக்கங்களிலுள்ள வரைபடங்களைப் பயன்படுத்துங்கள். நல்ல சமாரியன் கதை நடக்கும் பாதையைப் பாருங்கள்: எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். அதற்குள் பாதை ஆயிரம் மீட்டர் அளவுக்கு இறங்குகிறது. பாறையும் வளைவுமான அந்தப் பாலை வழியில் கள்ளர் பதுங்கியிருந்ததில் ஆச்சரியமில்லை என்று பிள்ளைகளுக்கே புரியும்.

10. நிருபங்களைக் கடிதமாகவே, ஒரே மூச்சில் வாசியுங்கள். பிலேமோன் மொத்தமே 25 வசனங்கள். குடும்ப ஜெபத்தில் முழுக் கடிதத்தையும் சத்தமாக வாசித்துவிடலாம். கல்யாணங்களில் வாசிக்கும் 1 கொரிந்தியர் 13, வரங்களைப் பற்றிப் போட்டிபோட்டுப் பிரிந்துகிடந்த ஒரு சபைக்கு எழுதியது. 12ஐயும் 14ஐயும் சேர்த்துப் படித்தால் அன்பைப் பற்றிய அந்த வரிகளின் கண்டிப்பு தெரியும்.

11. வீட்டில் இரண்டு மொழிபெயர்ப்பு இருக்கட்டும். 1871இல் வெளிவந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பின் ஓசை, சத்தமாக வாசிக்க அருமையானது. நீண்ட வாக்கியங்களில் பொருள் சிக்கினால் 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே பகுதியைப் பாருங்கள். அதில் ஆதியாகமம் தொடக்க நூல் என்றும், சங்கீதம் திருப்பாடல்கள் என்றும் இருக்கும். சம்பந்தி வீட்டார் கத்தோலிக்கர் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அவர்கள் வேதாகமத்தில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபையாரிடம் 66. தோபித்து, மக்கபேயர் போன்ற ஏழு நூல்கள் கூடுதல்.

12. வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கு வையுங்கள். தானியேல், எசேக்கியேல், சகரியா மூன்றையும் வாசித்த பிறகு போனால் அதிலுள்ள மிருகங்களும் கொம்புகளும் குதிரைகளும் அந்நியமாகத் தெரியாது. அன்றைய செய்தித்தாளோடு ஒப்பிட்டுத் தேதி கணக்கிட வேண்டாம். சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அது முதலில் என்ன ஆறுதல் சொன்னது என்று 2, 3ஆம் அதிகாரங்களிலிருந்து பாருங்கள்.

13. குடும்ப ஜெபத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வசனம் போதும். சிறியவர் ஒருவர் வாசிக்கட்டும். தப்பாக உச்சரித்தால் நடுவில் திருத்த வேண்டாம். வாசித்து முடித்ததும் யார் பேசுகிறார், யாரிடம், இதற்கு முன் என்ன நடந்தது என்று மூன்று கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை நான்காவதாகக் கேளுங்கள். தாத்தா பாட்டிக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று தனியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.