கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் சின்னக் கடை. பன்னிரண்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை. போன வாரம் இரண்டு பேரும் கண் பரிசோதனைக்குப் போனோம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றுதான் நான் போனேன். கடைக்காரர் புரோகிரஸிவ் கண்ணாடி போடச் சொல்லி, பிரேம் 4,800, லென்ஸ் 9,500, ப்ளூ கட் 1,600 என்று 15,900 ரூபாய்க்கு எழுதித் தந்தார். அவருக்கோ ஒரு வருடத்துக்குள் இது மூன்றாவது கண்ணாடி. நியூ ஜெர்சியில் இருக்கும் மகள், "இங்கே எங்களுக்கு விஷன் இன்ஷூரன்ஸ் இருக்கும்மா, நீங்களும் எடுங்க" என்கிறாள். எங்கள் ஏஜென்ட், மெடிக்ளெய்முடன் ஓ.பி. கவர் சேர்த்தால் கண்ணாடிக்கும் பணம் வரும் என்கிறார். வருடத்துக்கு 4,200 ரூபாய் கூடுதல் பிரீமியம், 5,000 வரை கிடைக்குமாம். மாமியாருக்கு 76 வயது, கண்புரை முற்றிவிட்டது என்கிறார்கள். மாமனார் செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்தவர். அவர் போனபிறகு மாமியாருக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. மாமியார் பெயரில் புதிதாக ஒரு பாலிசி எடுத்து ஆபரேஷனை முடித்துவிடலாமா? என் கண் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, வலியசாலை, திருவனந்தபுரம்

பதில்: ஏஜென்ட்டை அப்புறம் பார்ப்போம், முதலில் சீட்டு. இரண்டு கண்ணிலும் தூரப் பார்வைக்கு +0.25, சிலிண்டர் இல்லை. கீழே "ஆட் +2.00". இதற்கா 15,900 ரூபாய்? கால் பவருக்குப் பலர் கண்ணாடியே போடுவதில்லை. பஸ் போர்டும் எதிர்வீட்டு வாசல் கோலமும் உங்களுக்கு வெறுங்கண்ணிலேயே தெரிந்துகொண்டிருக்கும். உங்களுக்கு வந்திருப்பது நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து. என் பாட்டி காலத்தில் சாளேசரம் என்பார்கள். கிட்டப் பார்வைக்கு மட்டும் +2.25 போட்ட சாதாரண ரீடிங் கண்ணாடி இதற்குப் போதும். தையல் மிஷின் ஊசிக்கும் உங்கள் கண்ணுக்கும் ஒன்றரை அடி, கொஞ்சம் கூட இருக்கலாம். +2.00 ஆட் தெளிவாகக் காட்டும் தூரமும் அரை மீட்டர்தான். கணக்கு சரியாக இருக்கிறது.

புரோகிரஸிவ் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. தூரத்துக்கும் நல்ல பவர் இருந்து, நாள் முழுக்க வெளியே அலைபவருக்கு அது வசதிதான். ஆனால் அதில் கிட்டப் பார்வைக்கான இடம் லென்ஸின் அடியில் ஒரு சின்னத் துண்டு. துணியை இடமும் வலமும் தள்ளித் தைக்கும்போது கண்ணை மட்டும் உருட்டினால் ஓரம் மங்கும், தலையையே திருப்ப வேண்டும். தையற்காரிக்கு அது சரிப்படாது.

நானே ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். அவசரமாகப் புரோகிரஸிவ் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவன், கடைசிப் படி இருக்கும் இடம் தப்பித் தடுக்கி விழுந்தேன். பிரேமை முகத்தில் மாட்டி, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணிக்கு நேரே டம்மி லென்ஸில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அந்தக் கடையில் அதைச் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தக் கடையிலும் அந்தப் புள்ளியை வைக்காமல் புரோகிரஸிவுக்கு ஆர்டர் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ப்ளூ கட்டுக்கு எழுதிய 1,600 ரூபாயை அடித்துவிடலாம். இந்த வகை லென்ஸ்களைப் பற்றி நடந்த 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2023-ல் வந்தது. கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் அயர்ச்சி சாதாரண லென்ஸைவிட இதில் குறைவதாக அதில் தெரியவில்லை. கீறல் விழாத கோட்டிங்குக்கு வேண்டுமானால் காசு கொடுங்கள்.

உங்கள் கணவர் விஷயத்தில்தான் நிஜமான பணம் வீணாகிறது. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீர் கூடிக் குறையும், பவரும் கூடவே ஆடும். சர்க்கரை 300-ல் இருக்கும் வாரம் எடுத்த பவர், அது கட்டுக்குள் வந்தபிறகு பொருந்தாது. அவருக்கு ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி ஆனதற்குக் காரணம் அநேகமாக இதுதான். சில வாரங்கள் சர்க்கரை நிலையாக நின்றபிறகு பவர் எடுக்கச் சொல்லுங்கள். பிரேம் நன்றாக இருந்தால் லென்ஸை மட்டும் மாற்றலாம். அதைவிட முக்கியம், வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பது. "நயனாமிர்தம்" என்ற பெயரில் குடும்ப ஆரோக்கிய மையங்களிலேயே சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கும் திட்டத்தைக் கேரள அரசு நடத்துகிறது. பக்கத்து மையத்தில் எந்த நாள் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் நம் கண்ணாஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. 1905-ல் தொடங்கியது, இன்று மண்டலக் கண் மருத்துவ நிறுவனம். காலையில் ஓ.பி. சீட்டு எடுக்க வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பவர் சீட்டை அங்கே வாங்கிக்கொண்டால் எந்தக் கடையில் கண்ணாடி போடுவது என்பது உங்கள் இஷ்டம். பரிசோதனை இலவசம் என்று அழைக்கும் கடையில் அந்தக் காசு பிரேம் விலையில் ஏறியிருக்கும்.

இனி மகள் சொன்னது. அவள் சொல்வது அந்த ஊருக்குச் சரி. 1955-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் சில கண் பரிசோதகர்கள் சேர்ந்து ஆரம்பித்த வி.எஸ்.பி. அங்கே இந்த வகைத் திட்டங்களில் பெரிய பெயர். வருடத்துக்கு ஒரு பரிசோதனை, பிரேமுக்கு இவ்வளவு, லென்ஸுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். பெயர்தான் இன்ஷூரன்ஸ், வேலை சீட்டுக் கட்டுவது போலத்தான். பெரும்பாலும் வேலை கொடுப்பவர் வழியாக வருவதால் அவளுக்குக் கட்டுப்படியாகிறது. அப்படியிருந்தும் லீவுக்கு ஊருக்கு வரும்போது புளிமூட்டில் நாலு கண்ணாடி போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர் மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரியில் சேர்வதை அடிப்படையாக வைத்தது. கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் சாதாரணப் பாலிசியில் வராது. ஓ.பி. கவர் சேர்த்தால் வரலாம். ஆனால் 4,200 கட்டி 5,000 வரை வாங்குவதில் உங்கள் லாபம் அதிகபட்சம் 800. அதற்குள்ளும் கண்ணாடிக்கு என்று தனி உச்சவரம்பு இருக்கும், குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்பார்கள், எந்த வருடம் வாங்காமல் விட்டாலும் 4,200-ம் போச்சு. வருமா வராதா என்று தெரியாத செலவுக்குத்தான் இன்ஷூரன்ஸ். கண்ணாடி நிச்சயம் வரப்போகிற செலவு. மாதம் 300 ரூபாயைச் சம்புடத்தில் போட்டு வைத்தாலே ஆயிற்று.

2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது, தனிநபர் மருத்துவப் பாலிசியின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. அறவே இல்லை. பில்லில் பழைய விகிதம் போட்டிருந்தால் கேளுங்கள்.

மாமியாருக்குப் புதுப் பாலிசி எடுக்காதீர்கள். கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. எல்லா கம்பெனிகளும் ஒரே விதிகளுடன் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது 24 மாதம். அதன் பிறகும் ஒரு கண்ணுக்குக் காப்புத் தொகையில் கால் பங்கு அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். முற்றிய புரையோடு இரண்டு வருடம் உட்கார்ந்திருக்க முடியுமா? மறைத்து எழுதிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டாக்டர் ஏற்கெனவே எழுதிய சீட்டு ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கும், க்ளெய்ம் அங்கேயே நின்றுவிடும்.

அவருக்குத்தான் குடும்பப் பென்ஷன் வருகிறதே! அப்படியானால் மெடிசெப்பில் அவர் பெயர் இருக்க வேண்டும். 2022 ஜூலை 1-ல் மாதம் 500 ரூபாய் சந்தாவில், வருடத்துக்கு 3 லட்சம் காப்போடு தொடங்கிய திட்டம். குடும்பப் பென்ஷன்காரர்களும் அதில் அடக்கம், ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளவும் மாட்டார்கள். சந்தா பென்ஷனிலேயே பிடித்தமாவதால் பலருக்குத் தங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருப்பதே தெரிவதில்லை. பி.பி.ஓ. எண்ணை எடுத்துக்கொண்டு டிரஷரிக்குப் போய் விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் மேஜையில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: பேக்கேஜில் எந்த லென்ஸ் வைப்பீர்கள், விலை கூடிய லென்ஸ் வேண்டுமென்றால் கைக்காசு எவ்வளவு? 76 வயதில் சாதாரண மோனோஃபோகல் லென்ஸே நன்றாகத் தெரியும், படிக்க மட்டும் ஒரு ரீடிங் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மதுரை அரவிந்தின் ஆரோலேப் 1992-ல் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கியபிறகுதான் வெளிநாட்டு லென்ஸின் விலைக்கு நாம் பயப்படுவது நின்றது. உள்நாட்டு லென்ஸ் என்று யாராவது முகம் சுளித்தால் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: வயது 27, கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. பவர் −6.50. கம்பெனி குரூப் பாலிசியில் லேசிக் செய்துகொள்ள முடியுமா?
— ஒரு வாசகர், திருவனந்தபுரம்

பதில்: 7.5 டயாப்டருக்குக் குறைந்த பவரைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பது மருத்துவப் பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்கு. நீங்கள் ஒரு டயாப்டரில் வெளியே நிற்கிறீர்கள். குரூப் பாலிசியில் சில கம்பெனிகள் கூடுதலாகப் பேசி வாங்கியிருப்பார்கள், அதனால் ஹெச்.ஆரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் பாலிசி ஆவணத்தையே கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஓ.பி. வரம்பு என்ற வரியைத் தேடுங்கள். அப்படி ஒன்று இருந்தால் அதற்கான பிரீமியத்தைக் கம்பெனி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, விடுவானேன்? கண் டாக்டர் சீட்டும் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லும் வைத்துக் கண்ணாடியை அதில் போடுங்கள். "பில் வேண்டாம் என்றால் இருநூறு குறைக்கிறேன்" என்பார் கடைக்காரர். வேண்டும் என்று சொல்லுங்கள். பாலிசி வருடம் மார்ச் 31-ல் முடிகிறதென்றால் பில் அதற்கு முந்தைய தேதியில் இருக்கட்டும்.