கெளுத்தி மீன் ஏன் நிறம் மாறுகிறது?



லயத்து வாசலில் கண்ணாடித் தொட்டி வைத்து வர்ண மீன் வளர்க்கும் பிள்ளைகளை நாங்கள் போகும் இடங்களில் காண்கிறோம். "டவுன்ல குடுத்தா கொஞ்சம் காசு வரும்" என்று குஞ்சு பொரிக்க வைக்கும் தம்பிமாரும் உண்டு. அப்படி ஒரு வீட்டுக்கு அண்மையில் போயிருந்தோம். அந்த வீட்டுத் தம்பி பத்துக் கோரி மீன் வளர்த்திருந்தான். கோரி என்பது தொட்டியின் அடியில் மேய்ந்து திரியும், மீசை வைத்த சின்னக் கெளுத்தி. தொட்டி கழுவுவதற்காக அவற்றை வெள்ளைப் பேசினில் விட்டவன், இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டான். மலையிலிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, "ஐயோ, மீனு வெளிறிப் போச்சே, நோவு புடிச்சிருச்சு" என்று பதறி, கடையில் மருந்து வாங்கி, சொன்ன அளவுக்கு இரண்டு மடங்காக ஊற்றினார். விடியும்போது ஆறு மீன் செத்துக் கிடந்தன.

மிச்சம் நாலையும் நாங்கள் பார்த்தோம். உடம்பில் புள்ளி இல்லை, புண் இல்லை, துடுப்பு அரிக்கவில்லை. முதல் நாள் வரை நன்றாகத் தின்றனவாம். மீனுக்கு நோய் இருக்கவில்லை, பேசின்தான் வெள்ளையாக இருந்தது என்பதே எங்கள் முடிவு.

மீனின் நிறம் சுவருக்கு அடித்த பெயின்ற் போன்றதல்ல. தோலுக்குள் நிறமிக் கலங்கள் இருக்கின்றன. கறுப்பு நிறத்துக்குரிய கலத்தினுள் மெலனின் என்னும் பொடி உண்டு. அந்தப் பொடி கலம் முழுவதும் பரவினால் மீன் கறுக்கும். நடுவில் ஒரு பொட்டாகத் திரண்டால் மீன் வெளிறும். முற்றத்தில் உலரப் போட்ட நெல்லைப் பரப்புவதும் குவிப்பதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் அதே நெல்தான், முற்றத்தின் நிறம்தான் மாறுகிறது.

பரப்புவதா குவிப்பதா என்பதைக் கண் பார்த்து, நரம்பும் ஓமோனும் செய்கின்றன. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோர்ஜ் ஹாவர்ட் பார்க்கர் என்ற விலங்கியலாளர் 1930களில் இதைக் கெளுத்தி மீனிலேயே ஆராய்ந்தார். கறுப்புப் பாத்திரத்தில் விட்ட மீன் கறுத்தது, வெள்ளைப் பாத்திரத்தில் விட்டது வெளிறியது. வால் துடுப்பில் சில நரம்புகளை அறுத்தபோது அந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பட்டை தோன்றியது. அடியில் மேயும் மீன் தரையின் நிறத்தோடு கலந்திருந்தால் கொக்கின் கண்ணில் படாது. அதற்காக அமைந்த வித்தை இது. வெகுநாள் வெளிர்த் தரையிலேயே கிடந்தால் கறுப்புக் கலங்களின் எண்ணிக்கையே குறைந்துவிடும். அப்போது நிறம் திரும்பவும் நாளாகும்.

ஆபிரிக்காவின் கொங்கோ ஆற்றுப் பக்கத்தில் தலைகீழாக நீந்தும் கெளுத்தி ஒன்று உண்டு. மற்ற மீன்களுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. இதற்கு வயிறுதான் கறுப்பு! மேலே இருப்பது வயிறு அல்லவா?

இரவில் விளக்கை அணைத்தபின் பார்த்தாலும் பல மீன்கள் வெளிறித்தான் இருக்கும். வலையால் துரத்திப் பிடித்தாலும், ஒளிய ஓர் இடமில்லாமல் நின்றாலும் பயத்தில் நிறம் மாறும். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும், மீன் அதற்குள் போய் அமைதியாகும்.

மஞ்சள், சிவப்பு நிறங்கள் வேறு கதை. கறுப்பை மீன் தானே உண்டாக்கும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் உரிய கரோட்டின் வகைச் சத்தை அது தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். சோற்றுப் பருக்கையும் பாண் துண்டும் மட்டும் போட்டால் துடுப்பின் சிவப்பு மங்கும். காய்ந்த கூனி இறாலைப் பொடித்து ஒரு சிட்டிகை போடலாம். தொட்டியில் ஒட்டி மேயும் 'டேங்க் கிளீனர்' கெளுத்திக்கு அவித்த பூசணித் துண்டு கொடுக்கலாம். தின்ற மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அது அழுகினால் அமோனியா உண்டாகி, நிறம் என்ன, உயிரே போகும்.

குளிரையும் சொல்ல வேண்டும். கோரிக்கு ஏறக்குறைய 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை சுகம். மார்கழி விடியலில் பீலியில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் மங்கி, தீனியையும் விட்டுவிடும். வீட்டுக்குள் ஒரு பகல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போவதற்கும் அப்படித் திறந்து வைப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட நாங்கள் பயப்படுவது வாளிக்குத்தான். தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் செம்பு கலந்தவை உண்டு. நமக்குத் தெரியாத அளவு செம்பும் மீனின் செவுளைக் கெடுக்கும். மருந்து கரைத்த வாளியை எத்தனை தரம் கழுவினாலும் மீன் தொட்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம். மருந்தடித்த மலைக்குக் கீழுள்ள கானில் தண்ணீர் எடுக்கவும் வேண்டாம். கடையில் விற்கும் மீன் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு இருக்கிறது. கெளுத்திகளுக்கு மற்ற மீன்களைப் போன்ற செதில் இல்லை, அதனால் மருந்து அவற்றைச் சீக்கிரம் தாக்கும். உப்புக் கல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது நோய்தான். அப்போதும் விவரம் தெரிந்தவரிடம் கேட்டு, அளவோடு போடுங்கள்.

பிறவியிலேயே வெள்ளையாக, சிவந்த கண்ணோடு இருக்கும் கோரியும் விற்கிறார்கள். அதற்கு மெலனின் உண்டாக்கும் சக்தி இல்லை, எந்தத் தீனியாலும் கறுக்காது. அந்த வெள்ளை மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி நீலம், ரோஸ் என்று விற்பவர்களும் உலகத்தில் உண்டு. சில மாதத்தில் சாயம் போய்விடும். அந்த ஊசியால் மீன் படும் பாடு தனி. வாங்காதீர்கள்.

மிஞ்சிய நாலு மீனையும் புதுக் கறுப்பு வாளியில் விட்டு, பாதி வாயை மூடி வைக்கத் தம்பியிடம் சொல்லி வந்தோம். அடுத்த வாரம் பிரட்டுக்களத்தில் அம்மாவைக் கண்டோம். "மறுநாளே கறுத்துப் போச்சுங்க ஐயா" என்றார். "அந்த வெள்ளைப் பேசினு இனி துணி தொவைக்க மட்டுந்தான்."