கறுப்புத் திரை சொல்வதைக் கேள்

பழைய கணினிகளைப் பழுதுபார்க்க இறங்கியிருக்கும் தங்கைக்கு,

கமடோர் 64 ஒன்று கைக்கு வந்திருக்கிறது, சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது, எந்தச் சிப்பை மாற்றுவது என்று கேட்டு எழுதியிருந்தாய். சிப்பைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. முதலில் சுவிட்சை அணைத்துவிடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மறுபடி போடாதே.

1982-இல் விற்பனைக்கு வந்த இயந்திரம் அது. அதைச் செய்த நிறுவனம் 1994-இல் திவாலானது. அதன் ஒலிச் சிப்பையும் படச் சிப்பையும் இன்று யாரும் அதே வடிவில் தயாரிப்பதில்லை. கெட்டுப்போனால் இன்னொரு பழைய போர்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே இயந்திரத்தை எழுப்புவதற்கு முன்னால் நமக்கு ஒரு கடமை இருக்கிறது. அதற்குள் இன்னும் உயிரோடு இருப்பதை நாம் கொன்றுவிடக் கூடாது. நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

பவர் சப்ளையிலிருந்து தொடங்கு. கமடோர் 64-க்கு வெளியே இருக்கும் அந்தக் கனமான பெட்டி இரண்டு மின்சாரங்களைத் தருகிறது: 5 வோல்ட் டி.சி., 9 வோல்ட் ஏ.சி. பழைய பெட்டிகள் பலவற்றின் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லாமல், 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆண்டுக்கணக்கில் வெந்து ஒருநாள் கைவிட்டுவிடும். அப்போது மின்னழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறிவிடக்கூடும். அந்த ஏற்றம் ராம் சிப்புகளைச் சுட்டுவிடும். பிளக்கைக் கணினியிலிருந்து கழற்றி வைத்து மல்டிமீட்டரால் அளந்து பார். 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடு. சரியான அளவு காட்டினாலும் முழுதாக நம்பாதே. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடேறிய பிறகு எகிறும் பெட்டிகள் உண்டு. புதிதாகச் செய்த நல்ல சப்ளை ஒன்றை வாங்கிக்கொள்வது இந்த வேலையில் நீ செய்யும் முதல் செலவாக இருக்கட்டும்.

இயந்திரம் அமெரிக்காவிலிருந்து வந்ததா என்றும் பார். அங்கத்திய பெட்டி 120 வோல்ட்டுக்கானது; நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். பெட்டியை உடைத்துத் திறக்கவும் முயலாதே. கணினியைப் பழைய குழாய் டிவியோடு இணைத்திருந்தால், அதன் முதுகை எக்காரணம் கொண்டும் கழற்றாதே. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

இனி அந்தச் சிவப்பு விளக்கு. அது எரிவதால் கணினிக்கு மின்சாரம் சரியாக வருகிறது என்று எண்ணிவிடாதே. 5 வோல்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. 9 வோல்ட் ஏ.சி. போர்டில் உள்ள 1.5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகப் போகிறது. பழைய போர்டுகளில் படச் சிப்புக்கும் ஒலிச் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட் அதிலிருந்துதான் பிறக்கிறது. கணினியின் துடிப்பை உண்டாக்கும் கடிகாரச் சுற்றுக்கும் அதுவே ஊட்டம். ஃப்யூஸ் போயிருந்தால் விளக்கு எரியும், கணினி எழாது. பின்புறத்து யூசர் போர்ட்டில் எதையாவது தப்பாகச் செருகியிருந்தாலே ஃப்யூஸ் போய்விடும். கழற்றிச் சோதித்துப் பார். போயிருந்தால் அதே அளவில் புதிது போடு. வீட்டு ஃப்யூஸ் கட்டையில் செய்வதுபோல் கம்பி சுற்றும் வழக்கம் இங்கே வேண்டாம்.

அடுத்து, கறுப்பிலும் வகை உண்டு என்பதைக் கற்றுக்கொள். திரையில் புள்ளிகள் கொதிக்கின்றனவா, டிவி சிக்னல் இல்லை என்கிறதா, அல்லது அசையாத தெளிவான கறுப்பா? முதல் இரண்டில் ஒன்று என்றால் கேபிள், சேனல் பொருத்தம், ஃப்யூஸ், படச் சிப் என்ற பக்கம் தேடு. மூன்றாவது என்றால் ஆறுதல் கொள்ளலாம். படச் சிப்பும் கடிகாரமும் ஓரளவு வேலை செய்வதால்தான் டிவி அந்தக் கறுப்பைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. இந்தக் கணினி எழும்போது முதலில் ராமைச் சோதிக்கிறது. அதை முடித்த பிறகே திரைக்கு நிறம் பூசுகிறது. நலமான இயந்திரம்கூடத் தொடக்கத்தில் ஓரிரு நொடி கறுப்பாக இருப்பது அதனால்தான். கறுப்பு நீடித்தால், கணினி அந்தச் சோதனையைக் கடக்காமல் எங்கோ நின்றுவிட்டது என்று பொருள்.

இப்படி ஒவ்வொரு அறிகுறியும் ஒரு இடத்தைக் காட்டும். எழுந்ததும் 38911 பைட் காலியாக இருப்பதாகத் திரை சொல்ல வேண்டும். எண் குறைந்தால் ராம் சோதனை நடுவழியில் ஒரு பழுதில் முட்டி நின்றிருக்கிறது. எழுத்து வந்து, கர்சர் மட்டும் இமைக்காவிட்டால், விசைப்பலகையைக் கவனிக்கும் முதல் சி.ஐ.ஏ. சிப்பைச் சந்தேகப்படு.

உன் கறுப்புத் திரைக்கு இரண்டு பேர்மேல் சந்தேகம் அதிகம். ஒன்று பி.எல்.ஏ. சிப். செயலி ஒரு முகவரியைக் கேட்கும்போது ராம் பதில் சொல்வதா, ராம் அல்லாத நிரந்தர நினைவகம் சொல்வதா என்று முடிவு செய்வது அது. அது செத்தால் செயலிக்கு எதுவுமே சரியாகக் கிடைக்காது. மற்றது ராம். பழைய போர்டில் எட்டுச் சிப்புகள். ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டை ஒரு சிப் சுமக்கிறது. எட்டுப் பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் மடங்கினாலும் பல்லக்கு சாய்வதுபோல், ஒரு சிப் கெட்டாலும் எல்லா பைட்டும் கெடும்.

நல்ல சப்ளையோடு ஒரு நிமிடம் ஓடவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக எர்த் ஆன உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு, சிப்புகளின் தலையை மெல்லத் தொட்டுப் பார். கைசுடும் ராம் சிப் சந்தேகத்துக்குரியது. பி.எல்.ஏ., படச் சிப், ஒலிச் சிப் மூன்றும் சுடுவது இயல்பு. அதைக் கண்டு அவற்றைப் பிடுங்காதே. பிறகு 'டெட் டெஸ்ட்' கார்ட்ரிட்ஜைச் செருகு. கணினியின் சொந்த நிரலை எதிர்பார்க்காமல் தானே ஓடி, ராம் பழுதானால் திரையை மினுக்கும். எத்தனை முறை மினுக்குகிறதோ அதை வைத்து எட்டில் எது என்று அறியலாம். கார்ட்ரிட்ஜும் கறுப்பையே காட்டினால் பி.எல்.ஏ. பக்கமும் செயலி பக்கமும் திரும்பு.

சந்தேகத்தை உறுதி செய்ய, நன்றாக ஓடும் இன்னொரு கணினியின் சிப்பைப் பிடுங்கி இதில் வைத்துப் பார்க்கும் ஆசை வரும். மின்னழுத்தங்கள் அனைத்தையும் போர்டிலேயே அளந்து சரி என்று கண்ட பிறகன்றி அதைச் செய்யாதே. இல்லாவிட்டால் ஒரு நோயாளி இரண்டாகிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றைச் சேர்த்து மாற்றி இயந்திரம் எழுந்தால், எது பழுது என்று உனக்குத் தெரியாமலே போகும். தெரியாமல் சரியானது மறுபடி கெடும்போது நீ தொடங்கிய இடத்திலேயே நிற்பாய்.

சால்டரிங் அயர்னை எடுக்கும் வேளை வந்தால், செம்புத் தடத்தைச் சிப்பைவிட மேலாக மதி. நாற்பது வயதான போர்டு. அதிகம் சூடு காட்டினால் தடம் உரிந்து வந்துவிடும். செத்தது என்று உறுதியான சிப்பின் கால்களை முதலில் வெட்டிவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக உருவி எடு. அந்த இடத்தில் சாக்கெட் வை. அடுத்து வருபவர் சூடு காட்டாமல் மாற்றலாம். உறுதியில்லாத சிப்பை வெட்டாதே.

அளந்த வோல்ட், பார்த்த அறிகுறி, மாற்றிய பாகம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி மூடிக்குள் வைத்துவிடு. இயந்திரம் எழாவிட்டாலும் அதை எழுது. உன் திறமைக்கு எட்டாத இடம் வந்தால் நிறுத்திவிட்டு, மூத்தவர் ஒருவரிடம் அந்தத் தாளோடு கொடு. உரிமையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல். இன்று நீ கெடுக்காமல் விட்டுவைத்த போர்டை நாளை வேறொருவர் எழுப்புவார். அதுவும் நீ செய்த பழுதுபார்ப்புதான்.

அன்புடன்,
உன் அக்கா