பதக்கமும் ரசீதும்

அன்புள்ள மருமகளுக்கு,

கபடியில் நீ பதக்கம் வாங்கிய செய்தியை உன் அம்மா போனில் சொன்னாள். இனி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் வேலை உறுதி என்று நீ நினைப்பதாகவும் சொன்னாள். சந்தோஷம்தான். ஆனால் அது அவ்வளவு சுலபமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மகாராஷ்டிர அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 5 சதவீத இடம் உண்டு. எந்தப் போட்டியில் எந்த இடம் பிடித்தால் எந்த வகுப்பு வேலை என்பதை 2016 ஜூலை 1 அரசாணை சொல்கிறது. சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. விளையாட்டுத் துறையின் கோட்டத் துணை இயக்குநர் அலுவலகம் அதைச் சரிபார்த்து எழுதித் தர வேண்டும். மாநிலத் தேர்வாணையமான எம்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வென்றால், விண்ணப்பக் கடைசி நாளுக்குள் அந்த அறிக்கையோ, சரிபார்ப்புக்குக் கொடுத்த ரசீதோ உன்னிடம் இருக்க வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான். கடைசி நாளில் தகுதி இருந்ததா என்பதே கணக்கு என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. டிராம்போலின் விளையாட்டின் போலிச் சான்றிதழ்களைக் காட்டிப் பலர் அரசு வேலையில் சேர்ந்த மோசடி இந்த மாநிலத்தில் வெளியாகி, போலீஸ்வரை போனது. யாரோ செய்த திருட்டுக்கு நீ வரிசையில் நிற்கிறாய்.

உங்கள் நெருள் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் 2025 நவம்பர் 2 அன்று உலகக் கோப்பையைத் தூக்கினாரே ஹர்மன்பிரீத் கவுர், அவருக்கே இந்தத் தலைவலி வந்தது. 2017-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 171 ரன் அடித்தார். பஞ்சாப் அரசு டி.எஸ்.பி. பதவி தருவதாகச் சொன்னது. அப்போது அவர் இங்கே வெஸ்டர்ன் ரயில்வேயில் வேலையில் இருந்தார். ஐந்து வருட பாண்ட் முடியாமல் விட மாட்டோம் என்றது ரயில்வே. பஞ்சாப் முதல்வர் ரயில்வே அமைச்சர்வரை போன பிறகே முடிச்சு அவிழ்ந்தது. 2018 மார்ச்சில் பதவியேற்றார். ஜூலையில், அவர் கொடுத்த பட்டச் சான்று தங்கள் பதிவேட்டில் இல்லை என்று மீரட் பல்கலைக்கழகம் சொல்லப்போக, பதவி பறிபோனது. பன்னிரண்டாம் வகுப்புத் தகுதிக்குக் கான்ஸ்டபிள் வேலைதான் என்றார்கள். அவர் ஆட்டத்தை எவரும் குறை சொல்லவில்லை. வில்லங்கம் முழுக்கத் தாளில்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாராவியில் எத்தனையோ பிள்ளைகள் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை நம்பி இருக்கிறார்கள். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்து அரசு வேலையில் சாதி ஒதுக்கீடு கேட்க முடியாது என்று 2018-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே அவர்கள் பொதுப் பிரிவின் விளையாட்டு இடத்துக்குத்தான் போட்டியிட வேண்டும். அந்த இடம் முற்பட்ட சாதியினருக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சவுரவ் யாதவ் வழக்கு பெண்களுக்கான இடங்களைப் பற்றியது. பொதுப் பிரிவு எல்லோருக்கும் திறந்தது, மதிப்பெண் கூடுதலாக எடுத்தவரைச் சாதி சொல்லித் தள்ளக் கூடாது என்றது தீர்ப்பு. விளையாட்டு ஒதுக்கீடு போல, சாதிப் பிரிவுகளுக்குக் குறுக்கே ஓடும் எல்லா ஒதுக்கீட்டுக்கும் அதே நியாயம்தான். நான் படித்த தீர்ப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

வழக்கு என்றே வந்துவிட்டால் நேரே ஐகோர்ட் கிடையாது. முதலில் மகாராஷ்டிர நிர்வாகத் தீர்ப்பாயம், 'மேட்' என்பார்கள். பாதகமான உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஜெயித்தாலும் அதற்குள் உன் வயது வரம்பு என்னாகும் என்று யோசி.

அதனால் இந்த வாரமே, சரிபார்ப்புக்காக, உங்கள் கபடிச் சங்கத்திடம் அணிப் பட்டியலையும் போட்டி முடிவுத் தாளையும் கையெழுத்தோடு வாங்கிவிடு. சங்கத்தில் கோஷ்டிப் பூசல் ஆரம்பித்தால் ஃபைல் எந்தக் கோஷ்டியின் பீரோவில் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்புடன்,
மாமா
செம்பூர்