வாசித்ததை நினைவில் வைக்கும் பியானோ

ஒலிநாடாவில் பதிவான ஒரு பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் என்ன நேரும்? பாட்டு மெதுவாவதோடு நில்லாது. சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பாடகியின் இனிய குரல் பூதத்தின் குரலாகிவிடும். (உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சிறு வயதில் இந்த வேடிக்கையைச் செய்து திட்டு வாங்கியிருப்பார்கள்.) ஆனால் ஒரு டிஜிட்டல் பியானோவில் நீங்கள் வாசித்துப் பதிவு செய்ததைப் பாதி வேகத்தில் திருப்பிக் கேளுங்கள். வேகம் மட்டுமே குறையும். சுருதி இம்மியும் அசையாது. இது எப்படி?

நாடாவில் பதிவாவது ஒலி. பியானோவின் பதிவுப் பொத்தானை அழுத்தியதும் பதிவாவதோ ஒலி அன்று. உங்கள் விரல்களின் செயல். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எப்போது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகளே அதன் நினைவகத்தில் ஏறுகின்றன. திருப்பி இசைக்கும்போது பியானோ அக்குறிப்புகளைப் படித்துத் தன்னைத்தானே வாசித்துக்கொள்கின்றது. நேரமும் தாளத்தின் அட்சரக் கணக்கிலேயே குறிக்கப்படுவதால், ஓர் அட்சரத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால் எல்லாச் சுரங்களும் தம்மிடையே உள்ள விகிதம் கெடாமல் விலகி நிற்கும். ஒலி அந்தந்தக் கணத்தில் புதிதாகப் பிறப்பதால் சுருதி மாற வழியில்லை.

இந்த எண்ணம் புதிதன்று. 1904ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெல்ட்டே நிறுவனத்தார் வெளியிட்ட ‘வெல்ட்டே மிஞ்ஞோன்’ என்ற இயந்திரம், வாசிப்பவரின் கட்டைகளையும் அழுத்த வேறுபாடுகளையும் துளையிட்ட காகிதச் சுருளில் பதித்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி 1918இல் மறைந்துவிட்டார்; ஆயினும் அவர் வாசித்த சுருள்கள் இருக்கின்றன. பழுது நீக்கிய இயந்திரத்தில் அச்சுருளை மாட்டினால், இன்றும் உண்மையான பியானோவின் கம்பிகள் அவர் விரல் போன வழியே அதிர்கின்றன.

சரி, விரலின் அழுத்தத்தைப் பியானோ எவ்வாறு அறிகின்றது? ஆர்மோனியத்தில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியளவு ஒன்றே. அதைக் கூட்டிக் குறைப்பது துருத்தி. பியானோவில் அப்படியன்று. கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகின்றதோ அவ்வளவு உரக்க ஒலிக்கும். எனவே டிஜிட்டல் பியானோ அளப்பது விசையை அன்று, வேகத்தை. பல கருவிகளில் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு மின்தொடுப்புகள் உள்ளன. கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று மூடும், பிறகு மற்றது. இரண்டுக்கும் இடையே கட்டை 3 மில்லிமீட்டர் நகர்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 30 மில்லி வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு 10 சென்டிமீட்டர். 3 மில்லி வினாடியே ஆனால் 100 சென்டிமீட்டர். தூரத்தைக் காலத்தால் வகுக்கும் உங்கள் பாடப்புத்தகக் கணக்குத்தான்!

இவ்வேகத்தைப் பியானோ 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றுகின்றது. கட்டைகளுக்கும் எண்கள் உண்டு. நடு ஸி என்ற கட்டை 60. முழுப் பியானோவின் 88 கட்டைகளும் 21இல் தொடங்கி 108இல் முடிகின்றன. ‘மிடி’ எனப்படும் இந்தப் பொது மொழி 1983இல் வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு மின்னணுக் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். இதற்கு முன்னின்ற டேவ் ஸ்மித், இக்குட்டாரோ காக்கெஹாஷி ஆகிய இருவருக்கும் 2013இல் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

இம்முறை எவ்வளவு சிக்கனமானது தெரியுமா? ஒரு நிமிடத்தில் 600 சுரங்கள் வாசிக்கின்றீர்கள் என்க. அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று என 1,200 குறிப்புகள். நேரத்தையும் சேர்த்துக் குறிப்புக்கு 5 பைட் என்றால் 6,000 பைட். குறுந்தகட்டின் தரத்தில் அதே நிமிடத்தை ஒலியாகப் பதிவு செய்ய, வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட், இரண்டு தடங்கள் என்ற கணக்கில் 1,05,84,000 பைட் வேண்டும். ஏறத்தாழ 1,760 மடங்கு!

இனி ஒரு சோதனை. வலக் கையால் நடு ஸி தொடங்கி எட்டு வெள்ளைக் கட்டைகளை ஒரே சீராக வாசித்துப் பதிவு செய்யுங்கள். கேட்பதற்கு முன், சீராக வாசித்தோமா என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு பாதி வேகத்தில் கேளுங்கள். நான்காவது சுரத்தில் கவனம் வையுங்கள். அங்கேதான் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் புகுந்து செல்கின்றது. அந்தச் சுரம் சற்றுத் தாமதமாகவோ, மற்றவற்றைவிட உரக்கவோ விழக் காண்பீர்கள். பியானோவைக் கணினியுடன் இணைத்தால் எண்களையே பார்க்கலாம்: 62, 64, 61 என வந்து திடீரென்று 83! வாசிக்கும்போது இது ஏன் காதில் விழவில்லை? மனம் அடுத்த கட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. வாசிக்க எண்ணியதையே வாசித்ததாக எடுத்துக்கொண்டது. பதிவு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

முதல் முறை கேட்கும்போது மனம் சுணங்கத்தான் செய்யும். கணினி மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளப் பிழைகளெல்லாம் நேராகிவிடும். பழகும் காலத்தில் அதன் பக்கம் போகாதிருப்பதே நல்லது. திருந்துவது கோப்பு மட்டுமே, விரல் அன்று. அதைவிடப் பயனுள்ள வசதி ஒன்று உண்டு. இரு தடங்கள் உள்ள பியானோவில் இடக் கைப் பகுதியை மட்டும் முதலில் பதிவு செய்து ஓடவிட்டு, அதனுடன் வலக் கையை வாசித்துப் பழகலாம்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. வாசித்துக்கொண்டே நீங்கள் பாடினால் குரல் பதிவாகாது. வேறொரு பியானோவில் அதே கோப்பைப் போட்டால் அதன் ஒலியிலேயே கேட்கும். நீங்கள் மென்மையாக வாசித்த இடம் அங்கே சற்று உரத்தும் போகலாம். ஆகவேதான் சில பியானோக்களில் யு.எஸ்.பி. நினைவுக் குச்சியில் ஒலியையே பதியும் வசதியையும் வைத்திருக்கின்றார்கள். ஊரிலுள்ள தாத்தாவுக்குக் கைப்பேசியில் அனுப்ப அந்த ஒலிக் கோப்பே ஏற்றது. நான்காவது சுரத்தைத் திருத்த மற்றது.